மரத்த விரல்கள்

லாசரு இல்லம்,
ஹோல்ட்பெக் ஊரின் வடக்கு வாசலுக்கு வெளியே.
புனித மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த வாரம்.

மதிப்புக்குரிய என் கணவர், சாயப்பட்டறை லாம்பிரெக்ட் அவர்களுக்கு, இறந்துபோன உங்கள் மனைவி ஹைல்விக் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்களும், சாயத் தொட்டிகளும், கல்யாணத்துக்கென்று தைக்கக் கொடுத்திருக்கும் அந்தப் பச்சைச் சட்டையும் அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று சர்வேசுரனை மன்றாடுகிறேன்.

கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளாதீர்கள். பேய் எழுதவில்லை. சொல்வது நான், எழுதுவது எங்கள் இல்லத்துச் சாமியார் அமெலிஸ். ஒரு காலத்தில் ஆயரின் மன்றத்தில் சட்டம் பேசியவர். தொழுநோய் வந்து மூக்கு போனது, சட்டம் போகவில்லை. எங்கள் வாசற்காரர் நோய் ஒட்டாமலிருக்க இந்தத் தாளைப் புகையில் காட்டிய பிறகுதான் உங்கள் கையில் கொடுப்பார். ஆகவே தைரியமாக, வழக்கம்போல எழுத்தின் மேல் விரலை வைத்துக் கூட்டிப் படியுங்கள். எந்த விரல் என்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இங்கே இந்த வருடம் பட்டாணி நன்றாக விளைந்தது. பீர்தான் தண்ணீர் மாதிரி இருக்கிறது. பெண்கள் பகுதிக்கு மூத்தவரான சகோதரி ஓடாவுக்கு இருமல் நிற்கவில்லை. கூரை ஒழுகுகிற இடத்தில் என் கட்டிலைப் போட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்குக் குளிராது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டிக்காரி சனிக்கிழமை தோறும் எங்கள் மதிலுக்கு வெளியே கல்லின் மேல் ரொட்டியை வைத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தள்ளி நின்று ஊர்ச்செய்தி சொல்வாள். போன சனிக்கிழமை ரொட்டியை வைப்பதற்கு முன்பே கத்தினாள்: “ஹைல்விக்கக்கா, சேதி தெரியுமா? உங்க வீட்டுக்காரருக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாச்சு! பொண்ணு யாருங்கறீங்க, நம்ம பின்தெரு மாபெலிதான்! புருஷன் போயி தனியாக் கெடந்தாளே, அவ!” பக்கத்தில் நின்ற ஓடா, “பொண்டாட்டி உசுரோட இருக்கறப்பவா?” என்று கேட்டார். ரொட்டிக்காரிக்கு உண்மையாகவே புரியவில்லை. “என்னம்மா பேசறீங்க? அவங்களத்தான் அடக்கம் பண்ணியாச்சே! நானும் வந்து அழுதேனே!” என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. நீங்களும் அங்கே இருந்தீர்கள். கோயிலில் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கறுப்புத் துணி விரித்து, அதன் கீழே என்னை முழங்காலிடச் செய்து, இறந்தவர்களுக்கான பூசையை மூச்சு விடுகிறவளுக்கு வைத்தார்கள். பிறகு கல்லறைத் தோட்டத்தில் வெட்டி வைத்திருந்த குழிக்குள் இறக்கினார்கள். குருவானவர் மண்வெட்டியால் மண் அள்ளி, உலகத்துக்குச் செத்துப்போ, சர்வேசுரனுக்கு உயிரோடிரு என்று சொல்லி என் காலில் போட்டார். காலில் மண் போட்டவர் அவர். தலையில் போட்டவர் நீங்கள்.

அன்றைக்கே என்னைத் தலைமுழுகிவிட்டதாக நீங்கள் நினைத்தீர்கள். ஊரும் நினைத்தது. உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரி போன பிறகு அமெலிஸ் சாமியாரிடம் போய், செத்தவளுக்கு என்ன வழி என்று அழுதேன். அவர் தம் தட்டிலிருந்த உப்பு மீனை எடுத்து நீட்டினார். “தின்னு” என்றார். தின்றேன். “நல்லாருக்கா?” என்றார். உப்பு கரிக்கிறது என்றேன். சிரித்துவிட்டார். “செத்த உடம்பு மீனைத் தின்னுட்டு உப்புக் கரிக்குதுன்னு சொல்லுமாம்மா? மனுஷன்னா வெறும் ஆத்துமா இல்ல. உடம்பும் சேர்ந்தாத்தான் மனுஷன். கல்யாணம்ங்கறது அந்த உடம்புக்கும் உடம்புக்கும் போட்ட முடிச்சு. உன் உடம்பு மூச்சை விடற வரைக்கும் அது அவிழாது. தொழுநோயாளியோட கல்யாணமும் கல்யாணந்தான்னு பாப்பரசரே தீர்ப்பு எழுதி வெச்சிருக்காரு. கால்ல போட்ட மண்ணு வெறும் சடங்கு. ஊர்ஜனம் அதைப் பாத்து ஏமாந்தாச் சரி, ஓலை வாசிச்ச அந்தக் குருவானவருக்குப் புத்தி எங்க போச்சு?”

ஆக, என் அன்பான கணவரே, உங்கள் உடம்பு எனக்குச் சொந்தம். நீங்கள் வந்து இந்த இல்லத்தின் ஓரத்திலுள்ள குடிசையில் என்னோடு வாழலாம், சட்டம் தடுக்காது. வர மனமில்லையென்றால் நான் மூச்சு விடும் நாளெல்லாம் அங்கே ஒற்றைக்கட்டையாகக் கிடக்க வேண்டும். மாபெலியின் கையைக்கூடத் தொடக்கூடாது. ஆயரின் மன்றத்துக்கும் இதே நாளில் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று கேட்பீர்கள். நோய் யாருக்கும் வரும், புருஷன் என்ன செய்வான் என்று ஊரில் எல்லோரும் உங்களுக்காக உச்சுக் கொட்டியிருப்பார்கள். நோய் வந்திருந்தால் நானும் ஏற்றுக்கொண்டிருப்பேன். தொழுநோயாளி உத்தரிக்கிற ஸ்தலத்தை, செத்த பிறகு பாவத்துக்காகப் படவேண்டிய வேதனையை, இங்கேயே அனுபவித்து முடிக்கிறான் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அந்த ஆறுதலாவது கிடைத்திருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

என்னைச் சோதித்த நாளை மறந்திருப்பீர்கள், நினைவூட்டுகிறேன். ஊர் வழக்கப்படி இந்த இல்லத்து மூத்தவர்கள்தான் சோதித்தார்கள். கண்ணைக் கட்டி விரல்களில் ஊசியால் குத்தினார்கள். எனக்கு உறைக்கவில்லை. உறைக்காது, தொழில் அப்படி என்று நான் கதறினேன். எங்கள் பட்டறையில் சிவப்பு தூக்கலாக வருவதற்காகத் தொட்டியில் சுண்ணாம்பு போடுகிறோம், மற்றவர்கள் கோலால் கிளறுகிற இடத்தில் நாங்கள் கையைவிட்டுப் புரட்டுகிறோம், அதிலேதான் விரல் வெந்து மரத்துப்போனது என்று சொன்னேன். சந்தேகத்துக்கு உள்ளானவளின் வார்த்தை அங்கே செல்லாது. ஆண்கள் பகுதியின் மூத்தவர் கோலார்ட் உங்கள் பக்கம் திரும்பி, “நீ சொல்லுப்பா, உன் பட்டறைல சுண்ணாம்பு உண்டா?” என்று கேட்டார். சாயச் சங்கம் சுண்ணாம்பைத் தடை செய்திருக்கிறது. உண்டு என்றால் பட்டறையை மூடிவிடுவார்கள். நீங்கள் உங்கள் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, “எங்க வீட்ல சுண்ணாம்பே கிடையாதுங்க” என்றீர்கள்.

கல்யாணமான புதிதில் அடுப்பங்கரையில் நாம் விளையாடியது நினைவிருக்கிறதா? ஒருவர் கண்ணை ஒருவர் கட்டி, துணி தைக்கிற ஊசியால் விரலில் குத்துவோம். எந்த விரல் செத்துவிட்டது, எது பிழைத்திருக்கிறது என்று எண்ணிச் சிரிப்போம். செத்த விரல் அதிகம் உள்ளவர் தோற்றவர், மறுநாள் அவர்தான் தொட்டி கழுவ வேண்டும். என் விரல்கள் எல்லாம் செத்தவை என்று ஊசி முனையில் கண்டுபிடித்தவர் நீங்கள். உங்கள் இடது கையும் அப்படித்தான். நீங்கள் மட்டும் தோற்கப் பிடிக்காமல், ஊசி படுவதற்கு முன்பே “ஆ!” என்று கத்தி ஏமாற்றுவீர்கள். தெரிந்தும் நான் தொட்டி கழுவினேன்.

சட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பச்சை உங்களுக்கு என்றைக்கும் பொருந்தியதில்லை.

சர்வேசுரன் உங்களைத் தனிமையில் காப்பாராக.

உங்கள் மனைவி,
இறந்துபோன ஹைல்விக்.


லாசரு இல்லம்.
விபூதிப் புதனுக்கு முந்திய வாரம்.

மதிப்புக்குரிய கணவருக்கு, ஹைல்விக் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். உங்கள் நலம் இப்போது கொஞ்சம் குறைவென்று கேள்விப்பட்டேன், கேட்ட நாள் முதல் என் பசி நன்றாக இருக்கிறது.

நீங்கள் வாசற்காரரிடம் கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. கூடவே சொல்லியனுப்பிய செய்தியும் வந்தது. “பழசையெல்லாம் மறந்துடச் சொன்னாரும்மா, மன்றத்துக்கு இன்னொரு கடுதாசி போட்டு மனுவைத் திருப்பி வாங்கிக்கச் சொன்னாரு” என்று அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். பாலாடைக்கட்டி அருமை. ஆண்கள் பகுதிக்கும் கொஞ்சம் கொடுத்தேன். மறதி மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

மன்றத்தின் தீர்ப்பை உங்களுக்குக் கோயிலிலேயே வாசித்துக் காட்டியிருப்பார்கள். கணவனும் மனைவியும் ஒரே மாமிசம், நோய் அதைப் பிரிக்காது, ஆகவே லாம்பிரெக்டின் மறுமணம் செல்லாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அமெலிஸ் அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தார், கடைசித் தடவை ஓடாவின் காதருகே.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நான் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை, அதற்குத் தேவையே வரவில்லை. மாபெலியின் தாய் அக்தா பொதுக்கிணற்றடியில் நின்று போட்ட சத்தத்தை ரொட்டிக்காரி அப்படியே நடித்துக் காட்டினாள். “ஒரே மாமிசம்னு கோயிலே சொல்லிருச்சு! ஒரே மாமிசம்னா பாதி அழுகி, மீதி நல்லாருக்குமா? ஒரே ரொட்டியில ஒரு பக்கம் பூசணம் புடிச்சா மறுபக்கத்தத் தின்பீங்களாடி? அந்தக் கையால எம்பொண்ணு கையப் புடிச்சானே பாவி!” கிணற்றடியில் இருந்தவர்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்களாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் பக்கத்துப் பலகையில் யாரும் உட்காரவில்லையாம். இப்போது ஊர்ப்பெரியவர்கள் உங்களையும் சோதிக்கச் சொல்லி எங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

சிரித்தேன் என்று எழுதச் சொன்னேன். அமெலிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சகோதரி, பழிவாங்கறது பாவம்” என்றார். பாவம்தான் சாமி, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், இப்போது எழுதுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறார்.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு. ஓடா மெழுகுவர்த்தித் திருநாளன்று இறந்துவிட்டார். இங்கே இறந்தவர்கள் இரண்டாம் தடவை இறக்கும்போது பெரிய ஆரவாரம் இருக்காது. முதல் தடவையே எல்லாம் பாடியாயிற்று. நானும் இன்னொரு சகோதரியும் உடம்பைக் கழுவினோம். கால்விரல்கள் இல்லை, ஒரு காது இல்லை, முதுகு மட்டும் ஒரு குமரிப்பெண்ணின் முதுகு போல அப்படி வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். கடைசி நாளில் அவர் என்னைக் கூப்பிட்டு, “பாரு ஹைல்விக், புழுவுக்கு நான் அதிகம் வேலை வெக்கல. பாதிய நானே முடிச்சுட்டேன்” என்று சொல்லி இருமி இருமிச் சிரித்தார்.

அடக்கத்துக்கு ஒரு துறவி வந்து பிரசங்கம் செய்தார். மனித உடம்பு புழுக்களின் பண்டகசாலை, மல மூட்டை, அதன் மேல் பற்று வைக்காதே என்றார். ஆனால் தீர்வை நாளில் இதே உடம்போடுதான் எழுந்திருப்போம், ஒரு நகம், ஒரு மயிர் குறையாது என்றும் அவரே சொன்னார். அப்படியானால் ஓடாவின் விரல்கள் அவருக்குத் திரும்பிவிடும். என் விரல்களும் உணர்ச்சியோடு எழுந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் எந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே நான் பிரசங்கம் கேட்டேன்.

ஓடாவுக்குப் பிறகு பெண்கள் பகுதிக்கு மூத்தவளாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சாவிக்கொத்தும், சூப்புக் கரண்டியும், சோதனை ஊசியும் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. ஆம், சரியாகத்தான் படித்தீர்கள். திரும்ப ஒரு தடவை விரல் வைத்துப் படியுங்கள்.

மனைவி கணவனைச் சோதிக்கலாமா என்று கோலார்டிடம் நானே கேட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “செத்தவளுக்கு ஏதும்மா சொந்த பந்தம்? அப்படி நினைச்சுத்தானே உன் புருஷனும் கல்யாணத்துக்குக் கிளம்பினாரு” என்றார். முடிந்தது விஷயம்.

வரும் வியாழக்கிழமை வாருங்கள். கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு வாருங்கள். சுண்ணாம்பு வாடை வரக்கூடாது பாருங்கள்.

சர்வேசுரன் உங்கள் விரல்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் மனைவி,
இறந்துபோன ஹைல்விக்.


லாசரு இல்லம்.
தவக்காலம், இரண்டாம் சனிக்கிழமை.

லாம்பிரெக்ட்,

இத்தனை நாள் நீங்கள், உங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். இனி அது எதற்கு? நாளை காலை உன்னையும் குழியில் இறக்குகிறார்கள். நாளைக்குப் பிறகு நீயும் நானும் சமம்.

நீ பட்டறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு, என்ன நடந்தது, எங்கே பிசகியது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். உன் கண்ணைக் கட்டியிருந்தோம், ஆகவே நீ பார்க்கவில்லை. நான் சொல்கிறேன்.

உன்னை முற்றத்தில் முக்காலியில் உட்கார வைத்தோம். கோலார்ட் உன் கண்ணைக் கட்டினார். உன் இடது கையை எடுத்து என் மடியில் வைத்தேன். இத்தனை வருடங்களுக்குப் பிறகு உன் கை. நகத்தடியில் இன்னும் அந்தச் சிவப்பு இருந்தது. பார்த்ததும் ஒரு நொடி என் முந்தானையால் அதைத் துடைக்கப் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எனக்கென்ன. நீ என் பக்கம் குனிந்து, “ஹைல்விக், கொஞ்சம் பாத்து” என்று கிசுகிசுத்தாய். பார்த்துத்தான் செய்தேன். ஊசியை உன் சுட்டுவிரலுக்கு மேலே காற்றில் பிடித்துக்கொண்டு, சும்மா இருந்தேன்.

“ஆ!” என்று கத்தினாய்.

அடுப்பங்கரையில் கத்தின அதே கத்தல். ஒரு எழுத்து மாறவில்லை. கோலார்ட் தம் இரண்டு விரலால் வாயைப் பொத்திக்கொண்டார், முடியவில்லை, சிரித்துவிட்டார். “தம்பி, ஊசி இன்னும் காத்துலதான்ப்பா நிக்குது!” என்றார். திண்டாடிப்போனாய். ஆண்கள் பகுதிச் சுவரோரம் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். மூக்கில்லாதவர்கள் சிரித்தால் ஒரு சத்தம் வரும், நீ இனிமேல் பழகிக்கொள்வாய். அதற்குப் பிறகு நான் உண்மையாகவே குத்தினேன். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாய். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் எல்லாவற்றிலும் ரத்தம் வந்தது. நீ இன்னமும், “எப்ப குத்தப் போறீங்க?” என்று கேட்டாய்.

வலிக்காததை வலிப்பதாக நடித்தவன் நோயை மறைக்கிறவன் என்று மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கட்டை அவிழ்த்தபோது நீ கத்தினாயே, “இது தொழிலால வந்ததுங்க, தொட்டில கைவிட்டு வந்ததுங்க” என்று, அந்தக் கதறல் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். நான் அழுத அழுகையை நீ திருடிக்கொண்டாய். சந்தேகத்துக்கு உள்ளானவனின் வார்த்தை செல்லாது. கோலார்ட் என் பக்கம் திரும்பினார். “ஹைல்விக், நீ அந்தப் பட்டறைல இருந்தவ. அன்னிக்குச் சுண்ணாம்புன்னு என்னமோ சொன்னியே. உன் புருஷன் இல்லவே இல்லைன்னுட்டாரு. நீ இப்ப என்ன சொல்ற?”

நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். புதுச் செருப்பு இல்லை, பழசுதான். நேரம் எடுத்துக்கொண்டு, நீ நின்றது போலவே நின்றேன். பிறகு சொன்னேன்: “அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவர் வீட்ல சுண்ணாம்பே கிடையாதுங்க.”

உன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? வேண்டாம், உனக்குத் தெரியும். அன்றைக்கு உன் முன்னால் நின்ற என் முகம் அதுதான்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். தூங்கவும் செய்தேன், யார் என்ன நினைத்தாலும் சரி. ஆனால் விடிந்ததிலிருந்து அமெலிஸ் என்னை விடவில்லை. இந்தக் கடிதங்களையெல்லாம் எழுதியதால் அவருக்கு எல்லாம் தெரியும். “நீயே போயி கோலார்ட்கிட்டச் சொல்லிடும்மா. ரெண்டு நல்ல உடம்பை உசுரோட பொதைக்கறது சர்வேசுரனுக்கே அடுக்காது” என்கிறார். நான் கேட்டேன், என்னைப் புதைத்தபோது சர்வேசுரன் எங்கே போயிருந்தார் என்று.  இந்த வரியை அவர் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறார். எழுத்து கோணலாக இருந்தால் அது என் கோபத்தால் அல்ல, அவர் விரல்களால்.

சரி, நாளைக் காரியத்துக்கு வருவோம். இரண்டு சட்டை, ஒரு கம்பளி, உனக்கென்று ஒரு கிண்ணம் கொண்டுவா. இங்கே அடுத்தவர் கிண்ணத்தில் குடிக்க விடமாட்டார்கள். முழங்காலுக்கு அடியில் ஏதாவது துணி வைத்துக் கட்டிக்கொள், பூசை முடியும்வரை கறுப்புத் துணிக்குள் மூச்சு முட்டும், கல் தரை வேறு சில்லென்று இருக்கும். குழியில் இறங்கும்போது யாரும் கைகொடுக்க மாட்டார்கள், நீயேதான் இறங்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும். காலில்தான் போடுவார்கள், பயப்படாதே. பிறகு, நோயாளி வருகிறான் என்று ஊரை எச்சரிக்கக் குலுக்குகிற கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்து, இனி கோயிலுக்கு, ஆலைக்கு, ரொட்டிக்கடைக்குப் போகக்கூடாது, கிணற்றைத் தொடக்கூடாது, நம் மூச்சுக் காற்று அடுத்தவர் மேல் படாத பக்கம் நின்றுதான் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உனக்கும் அங்கேதான் வரும்.

மூத்த சகோதரி என்ற முறையில் நானும் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் நிற்பேன், உன்னை அழைத்துவர வேண்டுமல்லவா.

மண் அள்ளுவதற்கு முன் குருவானவர் கூட்டத்தைப் பார்த்து, இந்த மனிதன் நோயாளி இல்லை என்று சொல்ல யாருக்காவது காரணம் இருக்கிறதா என்று கேட்பார். என் அடக்கத்திலும் கேட்டார். நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இனி எழுத மாட்டேன், எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. நாளை அவர் கேட்டதும் ஒரு சிறு மௌனம் வரும். அந்த மௌனத்தில் நீ உன் விரல்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே. உன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாய் திறந்தால் நான் வேலியை விட்டு நகர மாட்டேன். என் விரல்களைப் பற்றிப் பேசு. சங்கத்தார் நிற்பார்கள், மாபெலி நிற்பாள், அக்தா நிற்பாள், ஊரே நிற்கும். எல்லோரும் கேட்க, ‘அவ விரல் சுண்ணாம்புல மரத்துச்சு, எனக்கு அன்னிக்கே தெரியும்’ என்று சொல். பட்டறை போகும். சங்கம் உன்னை ஊரைவிட்டே துரத்தினாலும் துரத்தும். பரவாயில்லை, உயிரோடு துரத்துவார்கள்.

நீ அதைச் சொன்னால், நான் வேலியைத் தாண்டி வந்து அதே வார்த்தையை உனக்காகச் சொல்வேன். சொன்ன பிறகு உன் வீட்டுக்கு வந்துவிடுவேனோ என்று பயப்படாதே. அந்த அடுப்பங்கரையை நான் இனி மிதிக்க மாட்டேன். என் பெயரை அந்தக் குழியிலிருந்து எடுத்துக்கொண்டு என் வழியே போவேன்.

சொல்லாவிட்டால், சாயங்காலம் பட்டாணிக் கஞ்சி. சூப்புக் கரண்டி என் கையில் இருக்கிறது, உனக்குக் குறைவில்லாமல் ஊற்றுவேன். ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவில் உயரமான மதில் இருக்கிறது. நீ இருமினால் எனக்குக் கேட்கும். நான் சிரித்தால் உனக்குக் கேட்கும்.

அமெலிஸ் கடைசியில் ஓர் ஆசி எழுதியே தீர வேண்டும் என்கிறார். எழுதுங்கள் என்றேன். லாம்பிரெக்ட், சர்வேசுரன் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். செத்த பிறகு அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், நாளை ஒரே ஒரு தடவை, ஊசி படுவதற்கு முன்பல்ல, பட்ட பிறகு கத்து.

உன் மனைவி,
உயிரோடு இருக்கும் ஹைல்விக்.